கட்டி கரைந்த மூன்றாம் நாள்

போன வாரமே போடுவதாகச் சொன்ன பதிவு இது. நீளம் அதிகம், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து படியுங்கள். வாத்தியார் மறுபடியும் வேதியியல் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று பாதியில் எழுந்து போகாதீர்கள்.

என் தங்கையின் பேரனுக்கு உடம்பு முடியாமல் போனது உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். வயது 22. வயிற்றில் கட்டி. பயாப்சியில் பர்க்கிட் லிம்போமா என்று வந்தது. நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோய்களில் மிக வேகமாக வளர்வது அதுதான். ஒன்றிரண்டு நாளில் இரட்டிப்பாகும் என்று டாக்டரே சொன்னார். சொல்லிவிட்டு என்ன செய்தார்கள்? பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினார்கள். ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மூத்திரத்தை அளந்து நோட்டில் எழுதினார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். கீமோ மட்டும் தொடங்கவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்று நடந்த சண்டையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். "பில்லை ஏத்தறதுக்காக இழுத்தடிக்கிறாங்க", "உடனே வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துங்க" என்றெல்லாம் எழுதினீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் வார்டிலேயே குரலை உயர்த்தினேன். முப்பத்தாறு வருடம் வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை, வராந்தா முழுக்கக் கேட்டது. போதாததற்கு, சூடு தணியட்டும் என்று இரண்டு இளநீர் வேறு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நர்ஸம்மா அதைப் பிடுங்காத குறையாக வாங்கி வெளியே வைத்துவிட்டார்.

அப்போது வந்த டாக்டர் சின்னப் பெண். என் கடைசி பேட்ச் மாணவிகளின் வயதுதான் இருக்கும். பொறுமையாக என்னை நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னார்: "ஐயா, மருந்து வேலை செய்யாம போயிடுமோன்னு எங்களுக்குப் பயம் இல்லை. ரொம்ப வேகமா வேலை செஞ்சிடுமோன்னுதான் பயம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு 1986 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருடம் பிளஸ் ஒன்னில் ஒரு பையன் படித்தான். பெயர் வேண்டாம், கூடப் படித்தவர்களுக்குத் தெரியும். கடைசி பெஞ்ச்தான், ஆனால் செய்முறை வகுப்பில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. டைட்ரேஷனில் பிங்க் நிறம் நிலைக்கும் அந்த ஒரு சொட்டில் சரியாக நிறுத்துவான். அரையாண்டுப் பரீட்சை முடிந்த சமயம் அவனுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் அவன் வீட்டுக்குப் போய் அவன் அப்பாவை வற்புறுத்தி சென்னைக்கு அனுப்பினேன். பஸ்ஸுக்குப் பணமும் கொடுத்தேன். அங்கே லிம்போமா என்று கண்டுபிடித்து ஊசி போட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு டிரங்க் கால் வந்தது. "சார், வயிறு பாதி வத்திடுச்சு சார். கல்லு மாதிரி இருந்தது இப்ப மெத்துன்னு இருக்கு சார்" என்று அவன் அப்பா சந்தோஷத்தில் அழுதார். ஹெட்மாஸ்டர் அறை என்றுகூடப் பார்க்காமல் நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அன்று ராத்திரி மூத்திரம் நின்றுவிட்டது. கை கால் இழுத்தது. மூன்றாம் நாள் விடியற்காலை நெஞ்சு நின்றுபோனது.

கட்டி கொல்லவில்லை, ஊசிதான் கொன்றுவிட்டது என்று அவன் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். என் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நான் டீக்கடைக்குள் போனால் பேச்சு நின்றுவிடும். அனுப்பியவன் நான்தானே. அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்பதைத் தேடிப் படிக்க எனக்கு இத்தனை வருடம் தைரியம் வரவில்லை. பேரனுக்கு என்று வந்த பிறகுதான், ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இனி எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய பாடம். உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு உயிரணுக்களுக்குள்ளேதான் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம். ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. அது 7-ஐத் தொட்டால் இதயத்தின் துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். இப்போது கிலோக்கணக்கில் இருக்கும் ஒரு கட்டியை நினைத்துப் பாருங்கள். அதன் கோடானுகோடி உயிரணுக்கள் ஒரே ராத்திரியில் வெடித்தால், உள்ளே பூட்டி வைத்திருந்த சரக்கெல்லாம் ரத்தத்தில் கொட்டும். பொட்டாசியம் இதயத்தைத் தாக்கும். பாஸ்பேட் ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு படிந்துவிடும். கால்சியம் குறைந்தால் கை கால் இழுக்கும், வலிப்பு வரும். உயிரணுவின் கருவிலுள்ள டிஎன்ஏ சிதைந்து கடைசியில் யூரிக் அமிலமாகும். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் மணல் மாதிரி அடைக்கும். சிறுநீரகம் அடைத்தால் பொட்டாசியம் வெளியேற வழியில்லை. ஒன்று மற்றொன்றைத் தூண்டி மூன்றும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். டாக்டர்கள் இதை டியூமர் லைசிஸ் சிண்ட்ரோம் என்கிறார்கள். கட்டி சிதைவதால் வரும் கோளாறு என்று வைத்துக்கொள்வோம்.

இளநீரை நர்ஸம்மா ஏன் வாங்கி வைத்தார் என்று இப்போது புரிகிறதா? இளநீரில் பொட்டாசியம் நிறைய. நல்ல உடம்புக்கு அமிர்தம். அவனுக்கு அன்று அது விஷம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1929-லேயே செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த பெட்ர்னா, போல்சாக் என்ற இரண்டு மருத்துவர்கள், ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு எக்ஸ்ரே கதிர் சிகிச்சை கொடுத்தபின் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டதை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கட்டியை வேகமாகக் கரைக்கிற சிகிச்சையே அபூர்வம். அதனால் அதன் ஆபத்தும் அபூர்வமாகவே இருந்தது.

வேகமாகக் கரைகிற கட்டி என்ற ஒன்றை உலகத்துக்குக் காட்டியவர் டெனிஸ் பர்க்கிட். அயர்லாந்துக்காரர், சின்ன வயதில் ஒரு கண்ணை இழந்தவர். உகாண்டாவில் கம்பாலா நகரத்து முலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவர். 1957-இல் தாடையின் நான்கு பக்கமும் வீங்கிய ஐந்து வயதுப் பையன் ஒருவனை அவரிடம் காட்டினார்கள். சில வாரம் கழித்து ஜின்ஜா ஊர் மருத்துவமனைக்குப் போனபோது, ஜன்னல் வழியே அதே மாதிரி முகத்தோடு ஒரு சிறுமி தெரிந்தாள். ஒன்று என்றால் விசித்திரம், இரண்டு என்றால் விசாரிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். 1958-இல் முதல் கட்டுரை எழுதினார். 1961-இல் பழைய ஃபோர்டு வண்டி ஒன்றை 250 பவுனுக்கு வாங்கி, இரண்டு நண்பர்களோடு பத்தாயிரம் மைல் சுற்றி, ஆப்பிரிக்காவில் எந்த ஊரில் இந்தக் கட்டி வருகிறது, எந்த ஊரில் வரவில்லை என்று மருத்துவமனை மருத்துவமனையாக விசாரித்தார். அந்தப் பயணத்தை மட்டும் தனியாக ஒருநாள் எழுத வேண்டும். தினமும் நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்று உங்கள் டாக்டர் சொல்கிறாரே, அந்தப் பேச்சை உலகம் முழுக்கப் பரப்பியவரும் இதே மனிதர்தான்.

அப்போது உகாண்டாவில் கதிர் சிகிச்சைக்கு வசதி கிடையாது. வேறு வழியில்லாமல் அந்தக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார். மெத்தோட்ரெக்சேட், சைக்ளோபாஸ்பமைடு போன்றவை. ஒன்றோ இரண்டோ தடவை கொடுத்த மருந்திலேயே கட்டி கரைந்து, வருடக்கணக்கில் நன்றாக இருந்த குழந்தைகள் உண்டு. புற்றுநோய்க்கு மருந்தாலேயே குணம் கிடைக்கும் என்று பலரும் நம்பாத காலம் அது. 1967-இல் அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் மேக்கரேரே பல்கலைக்கழகமும் சேர்ந்து முலாகோவில் லிம்போமாவுக்கென்றே ஒரு சிகிச்சை மையம் தொடங்கின.

மெத்தோட்ரெக்சேட் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் நகர முடியாது. எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பு, பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று கதர் அணிந்து அறுவை சிகிச்சைக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் கிடைக்காமல் எல்எம்எஸ் என்ற ஒரு படி குறைந்த சான்றிதழோடு வெளியே வந்தார். 1923-இல் அமெரிக்கா போனார். பின்னாளில் லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில்தான் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் பிறந்தன. 1948-இல் அவர் இறந்தபோது அந்த மருந்துகள் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைக் கொஞ்ச காலத்துக்காவது அடக்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. சுப்பாராவ் அமெரிக்காவில் செய்த முதல் பெரிய வேலை, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை முறை. ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்கும் முறை. மாலிப்டேட் சேர்த்து ஒடுக்கினால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். உயிர்வேதியியல் படித்த என் மாணவர்கள் எல்லோரும் ஃபிஸ்கே சுப்பாராவ் என்ற பெயரை ரெக்கார்டு நோட்டில் எழுதியிருப்பீர்கள். கட்டியைச் சிதைக்கிற மருந்தில் அவருடைய கை இருக்கிறது. சிதைந்த கட்டி ரத்தத்தில் கொட்டிய பாஸ்பேட்டை அளக்கிற வழியிலும் அவருடைய கை இருக்கிறது. இந்த இரண்டும் பிற்காலத்தில் ஒரே நோயாளியின் படுக்கையருகே சந்திக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சந்திப்பு நடந்தது 1970-களில். அமெரிக்காவிலும் பர்க்கிட் லிம்போமா நோயாளிகள் இருந்தார்கள். அங்கே தாடையைவிட வயிற்றில்தான் கட்டி அதிகம் வந்தது. வயிற்றுக்கட்டி யாருக்கும் தெரியாமல் பெரிதாகிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்தபோது சிலர் திடீரென்று இறந்தார்கள். 1973-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்து மருத்துவர்கள், பர்க்கிட் லிம்போமாவுக்கு மருந்து கொடுத்தபின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதைப் பற்றி லான்செட்டில் எழுதினார்கள். அதே வருடம் வேறு ஒரு குழு, ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு பாஸ்பேட் ஏறி கால்சியம் இறங்குவதை எழுதியது. 1980-இல் 37 பர்க்கிட் நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. வயிற்றில் பெரிய கட்டி, சிகிச்சைக்கு முன்பே சரியாக வேலை செய்யாத சிறுநீரகம் என்று யாரிடம் கவனமாக இருக்க வேண்டும் என்பது அதில் தெளிவாயிற்று. மருந்துக்கு முன்பே நிறைய திரவம் ஏற்ற வேண்டும், மணிக்கணக்கில் ரத்தம் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் தயங்காமல் டயாலிசிஸ் செய்ய வேண்டும். நாங்கள் பில் ஏற்றுகிறார்கள் என்று சொன்ன சலைன் கதை இதுதான்.

எல்லாமே முதல் தடவையே சரியாக வந்துவிடவில்லை. யூரிக் அமிலம் காரத்தில் நன்றாகக் கரையும் என்பதால் சோடியம் பைகார்பனேட்டை ஏற்றிச் சிறுநீரைக் காரமாக்கினார்கள். ரொம்ப வருடம் அதுதான் வழக்கம். ஆனால் காரத்தில் கால்சியம் பாஸ்பேட் கரையாமல் படியும். ஒரு கதவைத் திறக்கப் போய் இன்னொரு கதவை அடைத்த கதை. இப்போது அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

அந்த மாத்திரைக்கு வருகிறேன். அலோபியூரினால். உங்களில் மூட்டுவாதத்துக்கு, அதாவது கவுட்டுக்கு, மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தெரிந்த பெயர். இதைக் கொடுத்தவர் கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸோடு சேர்ந்து. நியூயார்க்கில் பிறந்தவர். பதினைந்து வயதில் தாத்தா புற்றுநோயில் இறந்ததைப் பார்த்து வேதியியல் படித்தார். பெண் என்பதால் ஆய்வகத்தில் வேலை கிடைக்கவில்லை. கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் வேதியியலும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தார். நம் இனம்! முனைவர் பட்டம் படித்து வாங்காமலேயே 1988-இல் நோபல் பரிசு வாங்கினார். அவர்கள் அலோபியூரினாலைச் செய்தது கவுட்டுக்காக இல்லை. தாங்களே கண்டுபிடித்த வேறொரு புற்றுநோய் மருந்தை உடம்பு சீக்கிரம் அழித்துவிடுகிறதே, அதைத் தடுக்கலாம் என்று செய்தார்கள். மருந்தை அழிக்கிற அதே நொதிதான் யூரிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது. நொதியைக் கட்டிப்போட்டதும் நோயாளிகளின் யூரிக் அமிலம் இறங்கியது. 1966-இல் அது கவுட்டுக்கு மருந்தாக விற்பனைக்கு வந்தது.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. இனிமேல் உண்டாகப் போகும் யூரிக் அமிலத்தைத்தான் அது தடுக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் சேர்ந்துவிட்டதை ஒன்றும் செய்யாது. சுவரில் பல்லி எச்சம் பார்த்திருப்பீர்கள், கறுப்பின் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்குமே, அது யூரிக் அமிலம். பல்லிக்கு அது பழக்கம். ஆடு, மாடு, நாய், எலி எல்லாவற்றுக்கும் யூரிக் அமிலத்தை நன்றாகக் கரையும் அலன்டாயினாக மாற்றும் நொதி உண்டு. மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் பரிணாமத்தில் அதைத் தொலைத்துவிட்டோம். தொலைத்ததை எங்கே போய் எடுத்தார்கள் தெரியுமா? நிலக்கடலையில் பூக்கிற மஞ்சள்பச்சைப் பூஞ்சையிலிருந்து. கெட்டுப்போன கடலையைத் தின்னாதே, ஈரல் கெடும் என்று சொல்வோமே, அதே அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அதன் மரபணுவை எடுத்து ஈஸ்டில் வைத்து நொதியை வளர்த்தார்கள். ராஸ்பூரிகேஸ் என்று பெயர். ஐரோப்பாவில் 2001-இலும் அமெரிக்காவில் 2002-இலும் அனுமதி கிடைத்தது. போட்ட சில மணி நேரத்தில் யூரிக் அமிலம் தரைக்கு வந்துவிடும்.

பேரனுக்கு அதைத்தான் போட்டார்கள். ரத்தம் எடுத்த குழாயை ஐஸில் புதைத்து ஒரு தம்பி ஓட்டமும் நடையுமாக லேபுக்குக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். குழாய்க்குள்ளும் அந்த நொதி வேலை செய்துகொண்டே இருக்குமாம், ஐஸில் வைக்காவிட்டால் கணக்கு தப்பாகக் குறைத்துக் காட்டுமாம். மூன்று நாள் தயார் செய்து, சின்ன அளவில் மருந்தைத் தொடங்கியும்கூட இரண்டாம் நாள் ராத்திரி அவனுக்குப் பொட்டாசியம் 6.8 ஆயிற்று. கால்சியம் ஊசி போட்டார்கள், இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றினார்கள், விடிவதற்குள் டயாலிசிஸ் அறைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு தடவை டயாலிசிஸ். நான்காம் நாள் மூத்திரம் பழையபடி வந்தது. மூத்திர அளவைக் கேட்டு ஒரு குடும்பமே கைதட்டியது எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். இப்போது நான்கு சுற்று கீமோ முடிந்திருக்கிறது. தலையில் முடியில்லை, வாய்த்துடுக்கு மட்டும் குறையவில்லை. இளநீர் விஷயத்தை அவன்தான் எழுதச் சொன்னான்.

1986-இல் போன பையனுக்கு ஒரு தங்கை. அவளும் என்னிடம் படித்தவள்தான், இப்போது திருப்பூரில் இருக்கிறாள். இதை எழுதும் முன் போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு போன் செய்து அனுமதி கேட்டேன். மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த மாத்திரை அன்னிக்கு இருந்துச்சா சார்?"

இருந்தது என்று சொன்னேன். மாத்திரை இருபது வருடமாகக் கடையில் இருந்தது. 37 பேரைப் பற்றிய கட்டுரை வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பூஞ்சையிலிருந்து எடுத்த ஊசி அப்போது நம் கைக்கு எட்டவில்லை. டயாலிசிஸ் ஒருசில பெரிய மருத்துவமனைகளில் மட்டும் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் பொட்டாசியம் பார்த்துச் சொல்ல எல்லா இடத்திலும் ஆள் கிடையாது. ஊசி தவறான ஊசி இல்லையம்மா, உங்கள் அண்ணனுக்கு அது நன்றாகவே வேலை செய்தது, அதுதான் நடந்திருக்கிறது என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அப்பா போட்டோவுக்குக் கீழதான் சார் உக்காந்திருக்கேன். இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன்.